ஒரு ரூபாய்க்கு ஓவர்டிராஃப்ட்

ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாயைத் திருப்பி வாங்காமல் விடமாட்டேன் என்று வங்கிக்குள் போய், மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்த வாடிக்கையாளர்கள் தி. நகரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தியைத் தெரியும். அவள் அன்றைக்கு வேடிக்கை பார்க்கத் தன் அம்மாவையும் அக்காவையும் கூடவே அழைத்துப் போயிருந்தாள். மூன்று ஜவுளிக்கடைப் பைகளும் உடன் வந்திருந்தன.

மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. மற்றவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்து, எண் போட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் மாதச் சம்பளம் வரும். இந்தப் பழக்கம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. எங்கள் மந்தைவெளி வீட்டில் மளிகைக்கு ஒரு பட்டியல், மருந்துக்கு ஒன்று, யார் வீட்டு விசேஷத்துக்கு நாம் என்ன செய்தோம் என்பதற்கு ஒன்று. எனக்கு நான்கு வங்கிக் கணக்குகள். ஒவ்வொன்றும் ஒரு காரியத்துக்கு. எந்தக் கணக்கிலும் தேவைக்கு மேல் ஒரு ரூபாய் தூங்கக்கூடாது என்பது என் கொள்கை. (கொள்கை என்ற சொல்லை இருபத்தாறு வயதில் நான் அதிகமாகவே பயன்படுத்தினேன்.)

அந்த வருஷம் கவிதா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. தை மாதத்தில் பதினெட்டு நாள்தான் கரையில் இருப்பார். அந்தப் பதினெட்டு நாளில் இரு வீட்டுக்கும் ஒத்துவந்த முகூர்த்தம் ஒன்றே ஒன்று. மயிலாப்பூரில் ஆறு மண்டபங்களைக் கேட்டோம். ஐந்து ஏற்கெனவே போய்விட்டன. ஆறாவது, லஸ் பக்கம் ஒரு பழைய டிரஸ்ட் மண்டபம். அது மட்டும் காலியாக இருந்ததற்குக் காரணம், அவர்கள் போனில் பணம் வாங்குவதில்லை, ரொக்கமும் வாங்குவதில்லை, செக் மட்டும்தான். செக் புத்தகம் வைத்திருக்கும் குடும்பங்கள் குறைந்துவிட்டன போலிருக்கிறது.

என்னிடம் இருந்தது. முதல் வேலை தி. நகரில் பார்த்தபோது திறந்த சம்பளக் கணக்கு. அம்மாவின் பெயரும் அதில் சேர்ந்திருந்தது. அதைக் 'கல்யாணக் கணக்கு' என்று பெயர் மாற்றி, முன்பணத்துக்கான எழுபத்தைந்தாயிரத்தை மிகச் சரியாகப் போட்டுவைத்தேன். ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தத் திரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டதும் நினைவிருக்கிறது.

மண்டப மேனேஜர் தணிகாசலம் என்பவர் மேஜையில் பெரிய நோட்டு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு விதிமுறைகளைச் சொன்னார். வாழைமரம் எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பதெல்லாம் முடிந்தபிறகு கடைசியாக ஒன்றைச் சொன்னார்.

"செக்கு பாஸ் ஆச்சுன்னாத்தான் தேதி உங்களுது. திரும்பிக்கினு வந்துச்சுனு வச்சுக்கோ, ஆதம்பாக்கம் பார்ட்டி ஒண்ணு வெயிட்டிங்ல கீது. அப்பால என்னாண்ட வந்து அழுதா ஒண்ணியும் பண்ண முடியாது."

நான் சிரித்தேன். என் செக் திரும்புவதா?

பேனாவைத் திறந்து எழுபத்தைந்தாயிரம் என்று எழுதப் போனபோது அப்பா கையைப் பிடித்தார். நல்ல காரியத்துக்கு யாராவது மொட்டையாக எழுதுவார்களா, ஒரு ரூபாய் சேர்த்து எழுது என்றார். தணிகாசலமும் அது சரிதான் என்று தலையாட்டினார். எழுபத்தைந்தாயிரத்து ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு ரூபாயைக் கணக்கில் போட வேண்டும் என்று பட்டியலில் குறித்துக்கொண்டேன். முப்பத்தொன்றாவது வரி. முப்பதாவது வரி, நாதஸ்வரக்காரருக்குப் போன் செய்வது. அவர் மூன்று நாளாக எடுக்கவில்லை. வரிசை தப்பிச் செய்வது என் கொள்கையில் இல்லை.

ஒன்பது நாள் கழித்து, நானும் அம்மாவும் அக்காவும் கூறைப்புடவை எடுக்க தி. நகர் போனோம். பட்டுக்கு மூன்றாவது மாடி. விற்பனையாளர் அண்ணன் அரக்கு நிறத்தில் இருபது புடவைகளைப் பிரித்துப் போட்டும், இதே அரக்கில் கொஞ்சம் வேற அரக்கு இருக்கா என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் போன் அடித்தது. தெரியாத கைபேசி எண்.

இங்கே ஒரு விவரத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய மாதம்தான் எங்கள் அலுவலகத்தில் மோசடி அழைப்புகளைப் பற்றி ஒரு விழிப்புணர்வு வகுப்பு நடத்தியிருந்தேன். 'ஏழு அடையாளங்கள்' என்று அதற்குத் தலைப்பு. தெரியாத கைபேசி எண், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்வது, உங்கள் பெயரைச் சொல்லி அழைப்பது, அவசரப்படுத்துவது, சின்னத் தொகையில் ஆரம்பிப்பது, நேரக்கெடு வைப்பது, ஓடிபி கேட்பது. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு டீ கொடுத்தார்கள்.

"தீபா மேடங்களா? பேங்க்லேர்ந்து பேசுறேன்" என்றது ஒரு பெண் குரல். "உங்க செக் ஒண்ணு கிளியரிங்க்ல வந்திருக்கும்மா. கணக்குல ஒரே ஒரு ரூபா குறையுது. கொஞ்சம் சீக்கிரம், பன்னண்டு மணிக்குள்ள போட்டுடுறீங்களா?"

நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஒரே மூச்சில் ஆறு அடையாளங்கள். ஓடிபி மட்டும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் புது உத்தி போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். நான் செக் கொடுத்தது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் வியந்தேன். தகவல் எங்கேயோ கசிந்திருக்கிறது. அந்த ஒரு ரூபாயை நானே என் கையால் எழுதினேன் என்பது மட்டும் நினைவுக்கே வரவில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஒரு ரூபா போதுமா மேடம்? லிங்க் அனுப்புவீங்களா, இல்ல நான் ஏதாவது ஆப் எறக்கணுமா?"

"லிங்க்கெல்லாம் எதுக்கும்மா. எப்பவும் எப்படிப் போடுவீங்களோ அப்படிப் போடுங்க."

"மொதல்ல ஒரு ரூபா, அப்புறம் ஒரு லட்சம். இந்த மாசம் எத்தனை பேரை ஏமாத்தியிருக்கீங்க?"

இது உண்மையான அழைப்புதான், கிளையின் லேண்ட்லைன் வேலை செய்யாததால் சொந்த போனிலிருந்து பேசுகிறேன் என்று அந்தக் குரல் பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தது. நான் முடிக்க விடவில்லை. மனதுக்குள் எழுதி வைத்திருந்த என் முடிவுரையைச் சொன்னேன்.

"உங்க குரலைக் கேட்டா பெரியவங்க மாதிரி இருக்கீங்க. உழைச்சு சாப்பிடுங்க மேடம்."

துண்டித்தேன். பக்கத்து கவுண்டரில் புடவை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பாராட்டினார்கள். விற்பனையாளர் அண்ணன் எனக்கு மட்டும் தனியாக ஒரு கூல்டிரிங்ஸ் வரவழைத்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், பொறியியல் படிக்கவைத்த செலவு முழுவதும் வசூலாகிவிட்டது தெரிந்தது.

அடுத்த நிமிஷமே அம்மாவின் போன் அடித்தது. அதே எண். அம்மா பட்டினப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

"யம்மா, எம் பொண்ணாண்ட நடக்கலன்னு என்னாண்ட வர்றியா? உன்ன நம்பி ஒரு வீடு இருக்கும்ல? நல்ல கஞ்சியா குடிக்க வேணாம்? பொம்பளையா இருந்துகினு இன்னா பொழப்பும்மா இது?"

மூன்றாவது மாடி முழுவதும் ஒரு வினாடி புடவை பிரிப்பதை நிறுத்தியது.

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலி ஒன்று என் போனிலும் அம்மாவின் போனிலும் இருந்தது. அதில் அந்த எண்ணை 'வங்கி மோசடி' என்று புகார் செய்தேன். பிறகு அலுவலகக் குழு, கல்லூரிக் குழு, எங்கள் குடியிருப்புக் குழு, உறவினர் குழு ஆகிய நான்கிலும் அந்த எண்ணைப் போட்டு, எல்லோரும் உடனே புகார் செய்யவும், நாம் நினைத்தால் இவர்களை ஒழித்துவிடலாம் என்று எழுதினேன். அன்று மதியத்துக்குள் நாற்பத்தாறு பேர் நினைத்தார்கள்.

புடவை ஒருவழியாக முடிந்து (முதலில் பார்த்த அரக்கு), சாப்பிட உட்கார்ந்தபோது மணி இரண்டரை. குறுஞ்செய்தி வந்தது. செக் எழுபத்தைந்தாயிரத்து ஒன்று பற்று. தற்காலிக ஓவர்டிராஃப்ட் கட்டணம் ஐந்நூறு, அதற்கு வரி தொண்ணூறு. இருப்பு: மைனஸ் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

சேமிப்புக் கணக்கில் மைனஸை நான் அதுவரை பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் கோபத்துக்கு முன்னால் ஆர்வம்தான் வந்தது. இது எப்படிச் சாத்தியம்? எந்தக் கட்டத்தில் இந்த எண்ணை அனுமதித்தார்கள்? படம் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் கணக்குப் போட்டேன். ஒரு ரூபாய் கடனுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் கட்டணம். கேட்காமல் கொடுத்த கடன். அந்த ஒரு ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதும், முப்பத்தொன்றாவது வரியும் அப்போது நினைவுக்கு வந்தன. காலையில் வந்த அழைப்பும் ஒரு ரூபாயைப் பற்றித்தான் பேசியது என்பது நினைவுக்கு வரவில்லை. கைதட்டல் வாங்கிய மூளை சில கதவுகளைச் சாத்திக்கொள்கிறது.

சாம்பார் ஆறுவதற்குள் ஐந்து கோரிக்கைகளை எழுதி முடித்தேன். வங்கி அங்கிருந்து நடக்கும் தூரம்தான். அக்கா வரமாட்டேன் என்றாள். ஐந்நூற்றுத் தொண்ணூறு போனால் போகட்டும், வீட்டுக்குப் போய்க் காலை நீட்ட வேண்டும் என்றாள். இது பணத்தைப் பற்றியது அல்ல, கொள்கையைப் பற்றியது என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன்.

கிளைக்குள் நுழைந்தபோது மூன்றே முக்கால். டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். கூப்பிட்ட மேஜையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அதிகாரி. பெயர்ப்பலகையில் ஷமீம் என்று இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு இன்னொரு கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் கணக்கு எண்ணைச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். நான் கோரிக்கைகளை வாசித்தேன். இந்த ஓவர்டிராஃப்டை நான் கேட்கவில்லை. என் அனுமதி இல்லாமல் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே அதை ரத்து செய்து, கணக்கை இன்று காலை இருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மீதி இரண்டு கோரிக்கைகள் தலைமை அலுவலகத்தைப் பற்றியவை.

அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலைல இருந்த நிலைன்னா, செக்கை ரிட்டர்ன் பண்ணணும்மா. நாலு மணி வரைக்கும் எனக்கு டைம் இருக்கு. பண்ணிடட்டுமா?"

எனக்கு முதலில் கேட்டது அக்காவின் கையிலிருந்து பைகள் கீழே விழுந்த சத்தம்தான். பிறகு தணிகாசலத்தின் பெரிய நோட்டு கண்முன் வந்தது. ஆதம்பாக்கம் பார்ட்டி வந்தது. கரையில் பதினெட்டு நாள் மட்டும் நிற்கும் மாப்பிள்ளை வந்தார்.

"இவ கிடக்கா மேடம், இவ பேச்சைக் கேக்காதீங்க" என்றாள் அக்கா. "எங் கல்யாணம் மேடம் அது."

அம்மா மட்டும் அசையாமல் நின்றாள். என் முழங்கையைப் பிடித்தாள். பட்டினப்பாக்கத்துக் குரல் அன்றுதான் முதல்முறையாகக் கிசுகிசுத்ததைக் கேட்டேன்.

"தீபா, இந்தக் குரலு காலைல கேட்டதுடி."

ஷமீம் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேருக்கும் போன் பண்ணேன். ரெண்டு பேருமே உழைச்சு சாப்பிடச் சொன்னீங்க. சரி, உழைப்போமேன்னு மேனேஜர்கிட்ட போய் நின்னு, என் பொறுப்புல பாஸ் பண்றேன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். மண்டபத்து பேர்ல செக்கு. ஒரு ரூபா சேர்த்து எழுதியிருக்கீங்க. நல்ல காரியம்னு பார்த்தவுடனே தெரியுது. அதைப் போய் ஒரு ரூபாய்க்கு எப்படிம்மா திருப்பி அனுப்புறது?"

ஆறாவது கோரிக்கை போல என்னிடமிருந்து ஒரு மன்னிப்பு மட்டும் வந்தது, அதுவும் பாதி. அம்மா என்னைத் தள்ளிவிட்டு முழுதாகக் கேட்டாள். கஞ்சி, பிழைப்பு என்று தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக எடுத்துத் திரும்பப் பெற்றாள்.

பிறகும் எனக்குச் சந்தேகங்கள் இருந்தன. (அவமானத்தின் நடுவிலும் ஆர்வம் போகாத பிறவி இது.) ஒரு ரூபாய்தானே, நீங்களே போட்டிருக்கலாமே மேடம் என்று கேட்டேன். அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊழியர்கள் வாடிக்கையாளர் கணக்கில் சொந்தப் பணத்தைப் போடக்கூடாதாம், ஒரு ரூபாயானாலும் விதி விதிதானாம். செக்கைத் திருப்ப வேண்டும், அல்லது ஓவர்டிராஃப்டாகப் பாஸ் செய்ய வேண்டும், இரண்டே வழி. பாஸ் செய்தால் கட்டணத்தை இயந்திரம் தானே போட்டுவிடும். அதற்கு ஒரு ரூபாயும் ஒன்றுதான், ஒரு லட்சமும் ஒன்றுதான். தினமும் காலையில் இப்படிக் குறையும் செக்குகளின் பட்டியல் ஒன்று வருமாம். ஒவ்வொருவரையும் கூப்பிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லையாம். அவர் கூப்பிடுகிறார்.

"ஆனா இன்னிக்கு என்னமோ தெரியல, பன்னண்டு மணிக்கு மேல யாருமே என் போனை எடுக்கல" என்றார். "மருந்துக்கடைக்காரர் ஒருத்தரு. பாவம், எப்பவும் மொத ரிங்லயே எடுப்பாரு. கடைசில சாப்பாட்டு நேரத்துல நானே நடந்து போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

நான் தரையைப் பார்த்தேன். கவிதா அக்கா என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் அவள்தான். அதனால் அவளோடு எங்கேயும் போவது ஆபத்து.

"அம்மா போனுக்கு ஒரு தடவை பண்ணுங்க மேடம்" என்றாள்.

அவர் போன் செய்தார். அம்மாவின் கையில் திரை முழுவதும் சிவப்பாக எரிந்தது. 'வங்கி மோசடி. 46 பேர் புகார்.' அம்மா அதை மேஜையின்மேல் வைத்தாள். அது அங்கே அதிர்ந்துகொண்டே கிடந்தது. கீழே சின்ன எழுத்தில், இந்த அழைப்பை ஏற்க வேண்டாம் என்று அறிவுரை வேறு.

ஷமீம் மேடம் கத்துவார் என்று நினைத்தேன். அவர் போனைத் தூக்கித் தூரத்தில் வைத்து வாசித்துவிட்டு, "அதான் மத்தியானம் எங்க நாத்தனாரும் எடுக்கல போல, அது நல்லதுதான்" என்றார். நான் என் அலுவலக வகுப்பைச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்ததும், அந்த ஏழு அடையாளங்கள் என்னென்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கிக்கொண்டு வந்து, "ஆமா, நான் மோசடிதான்" என்று ஒப்புக்கொண்டார். மேனேஜரிடம் சொல்லிக் கட்டணத்தைக் குறைக்கப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அங்கேயே நின்று ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்றைக் கணக்கில் போட்டேன். செக் நான்கு மணியைத் தாண்டியது. மண்டபம் எங்களுடையது.

தை மாதத்தில் அக்காவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஷமீம் மேடம் கணவரோடு வந்திருந்தார். அம்மா அவரை மாப்பிள்ளை வீட்டாரிடம் அறிமுகப்படுத்திய விதத்தைப் பார்த்தால், அவர்தான் பெண்ணைப் பெற்றவர் என்று தோன்றும்.

என் வேலை மட்டும் முடியவில்லை. நாற்பத்தாறு பேரையும் தேடிப் பிடித்துப் புகாரைத் திரும்பப் பெறவைக்க வேண்டும். பட்டியல் போட்டேன். மோசடிக்காரரை ஒழிக்க ஒரே மதியத்தில் கிளம்பியவர்கள், ஒரு நல்லவரை விடுவிக்க மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். புனேவுக்கு மாறிப் போனவரைப் பிடித்தேன். பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த கல்லூரித் தோழியிடம் சமாதானம் பேசினேன். என் பெரியப்பா, ஒருமுறை சொன்னால் சொன்னதுதான் என்று மறுத்தார். அவர் போனை வாங்கி நானே மாற்றினேன். எண்ணிக்கை முப்பதானது, பன்னிரண்டானது, மூன்றானது.

ஒன்றில் வந்து நின்றுவிட்டது. அம்மாவின் போனில் ஷமீம் மேடம் கூப்பிடும்போதெல்லாம் (வாரம் இரண்டு முறை, பெரும்பாலும் மீன் குழம்பைப் பற்றி) 'ஒருவர் புகார்' என்று வந்துகொண்டே இருந்தது. எல்லோரையும் மறுபடி விசாரித்தேன். யார் மறைக்கிறார்கள் என்று தெரியவில்லை. பெரியப்பாவைத்தான் சந்தேகப்பட்டேன். எட்டு மாதம் இப்படிப் போனது.

மாப்பிள்ளை, அதாவது மாமா, அடுத்த விடுமுறையில் கப்பலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்திருந்தார். நான் அந்தப் பட்டியலை அவரிடம் காட்டிப் புலம்பினேன். நாற்பத்தைந்து பெயர், நாற்பத்தைந்து டிக். அவர் இரண்டு முறை மேலிருந்து கீழே படித்தார். கடலில் இருப்பவர்களுக்கு அவசரம் கிடையாது.

"இதுல உன் பேரைக் காணுமே தீபா" என்றார்.

போனைத் திறந்து பார்த்தேன். இருந்தது. முதல் புகார், நேரத்தோடு.

அதிலிருந்து எங்கள் வீட்டில் சாவியைக் காணோம், ரிமோட்டைக் காணோம், பால் பாக்கெட்டை யார் வெளியே வைத்தது என்று எந்த விசாரணை ஆரம்பித்தாலும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்கள்: "மொதல்ல தீபா பேரை எழுது. அப்புறம் மத்தவங்களைக் கேப்போம்." போன மாதம் இதைச் சொன்னவர் ஷமீம் மேடம்.